விஜயந்தாவின் வயிற்றில் நின்ற தண்ணீர்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து மழை வெறித்த பிறகு, 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை டார்ச்சும் ஒரு பழைய துண்டும் எடுத்துக்கொண்டு, கல்லூரியில் பீடத்தில் நிற்கும் ராணுவ டாங்கிக்குள் இறங்கினேன். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, மழைக்கு முந்தின வாரம் நானே விரித்துவைத்த தினத்தாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மொடமொடவென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈர வட்டம். மேலே மூடியின் கீலிலிருந்து சொட்டியது அது. மற்றபடி காய்ந்த தரை.

அதற்கு முந்தின வருஷம் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் இதே இடத்தில் 11 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது.

நடுவில் நடந்ததை எழுதிவைக்கிறேன். பூங்காவிலோ கல்லூரியிலோ பீடத்தில் நிற்கும் டாங்கிக்குப் பெயிண்ட் அடிக்க யாராவது கிளம்பினால், நான் வீணாக்கிய பணத்தையாவது அவர்கள் மிச்சம் பிடிக்கலாம்.

அம்பத்தூரில் எனக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. கேட், கிரில், தகர ஷெட், எப்போதாவது லேத் வேலை. நான் படித்த கல்லூரியில் என்.சி.சி. அறைக்கு எதிரே அந்த டாங்கி நிற்கிறது. படிக்கிற காலத்தில் அதன் நிழலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, அது என்ன வண்டி என்று கேட்டதில்லை. பீடத்தில் ஒரு பலகை இருந்தது: ‘போரில் கைப்பற்றப்பட்ட பேட்டன் டாங்கி’. 2023 ஏப்ரலில் பழைய மாணவர் கூட்டத்தில், இதற்கு யாராவது பெயிண்ட் அடித்துக் கொடுங்களேன் என்று பேச்சு வந்தபோது கை தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். அவர் 1975இல் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தவர், “பேட்டனாவது ஒண்ணாவது. இது நம்ம விஜயந்தாடா” என்றார்.

பேட்டன் எம்-48 பாகிஸ்தான் ஓட்டிய அமெரிக்க வண்டி. அதன் உடம்பும் கோபுரமும் வார்ப்பில் செய்தவை. ஆமை ஓடு மாதிரி உருண்டு வரும். விஜயந்தாவில் எங்கே தொட்டாலும் தட்டை. தகடுகளை வெட்டிப் பற்றவைத்த வண்டி. அதனால்தானோ என்னவோ, அப்பாவுக்கு அதன்மேல் சொந்தக்காரன் மாதிரி ஒரு பாத்தியதை. பதினைந்து கிலோமீட்டர்கூடத் தள்ளாத ஊரில் பிறந்த வண்டியை எதிரி நாட்டு வண்டி என்று எழுதி இத்தனை வருஷம் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

1961இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் வடிவமைத்ததை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டினார்கள். முதலில் கொஞ்சம் வண்டிகள் அங்கிருந்தே வந்தன. 1965இலிருந்து இங்கேயே தயாரிப்பு. 1980களின் முற்பாதி வரை ஓடி, 2,200ஐ ஒட்டி வெளியே வந்தன. எடை சுமார் 39 டன், உள்ளே நான்கு பேர், 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் எல்-60 எஞ்சின். அந்த எஞ்சின் ஒரு விசித்திரம்: சிலிண்டர் ஆறு, பிஸ்டன் பன்னிரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன் எதிரெதிராக வந்து முட்டாமல் திரும்பும். 1971 போரில் விஜயந்தா களம் கண்டது. பின்னாளில் இதன் அடிச்சட்டத்தின்மேல் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி ‘கேட்டபுல்ட்’ என்றும், பாலத்தை ஏற்றி ‘கார்த்திக்’ என்றும் செய்தார்கள். (ஆவடி என்பதே ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா’வின் சுருக்கம் என்று எங்கள் பக்கத்தில் சத்தியம் செய்வார்கள். 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்ததே ‘ஆவடி மாநாடு’ என்ற பெயரில்தான். அப்போது ஏது டேங்க் ஃபேக்டரி?)

முதல் முயற்சி 2023 மே மாதம். கிரைண்டரில் வயர் கப் பிரஷ் மாட்டித் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், பச்சை எனாமல் இரண்டு கோட். பதினாறு நாளில் முடிந்தது. கிட்டத்தட்ட 46,000 ரூபாய். பள்ளம் தெரிந்த இடங்களில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, கார் மாதிரி வழவழப்பாக்கியிருந்தோம். மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

அக்டோபரில் பொரி அளவுக்குக் கொப்புளம் கிளம்பியது. நகத்தால் கீறினால் பெயிண்ட் மட்டுமல்ல, ரெட் ஆக்சைடும் சேர்ந்தே தோலாக உரிந்தது. கீழே இரும்பு பளபளவென்று இருந்தது. அதுதான் கோளாறு. கப் பிரஷ் துருவை முழுக்க எடுப்பதில்லை. மிச்சத் துருவைத் தேய்த்து மெருகேற்றிவிடுகிறது. பார்க்கச் சுத்தமாகத் தெரியும், பெயிண்டுக்குப் பிடி கிடைக்காது. கிரில் வேலையில் இது தெரியவராது, வீட்டுக்காரர் இரண்டு வருஷத்தில் எப்படியும் மறுபடி அடிப்பார். பட்டியோ, கீழே சுரந்த ஈரத்தில் ஊறி ரொட்டி மாதிரி உப்பிக் கழன்றது.

டிசம்பரில் மிக்ஜாம். அது போன வாரத்தில் கல்லூரி வாட்ச்மேன் போன் செய்தார். “தம்பி, உங்க டேங்க் அழுவுது, வந்து பாருங்க.” நிஜமாகவே அடிவயிற்றின் ஓரங்களிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்து, பீடத்தின் வெள்ளையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. மழை நின்று நாலு நாள் ஆகியும் நிற்கவில்லை.

அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. சுத்தியலை வாங்கி, குனிந்து அடித்தட்டில் நாலு தட்டுத் தட்டினார். மேலே தட்டினால் ‘டண்’ என்கிற வண்டி அங்கே ‘தொப்’ என்றது. “மேல என்னத்தப் பூசினாலும் இதுதான் கதி. வயிறு நிறையத் தண்ணி குடிச்சிருக்கு. முதல்ல அதை எடு.”

2024 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினோம். எப்போதோ பாதுகாப்புக்கென்று மூடிகளுக்குப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒரு மி.மீ. கட்டிங் டிஸ்க்கால் அவற்றை அறுத்து, குண்டு நிரப்புபவரின் மூடியைத் திறந்தோம். உடனே இறங்க இருந்த பையனை அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார். துருப்பிடிப்பது என்றால் இரும்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்பது. வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த இரும்புப் பெட்டிக்குள் மூச்சுவிடக் காற்று இருக்கும் என்று யார் சொன்னது? தெரிந்தவரிடம் ஆக்சிஜன் மீட்டர் இரவல் வாங்கிக் கயிற்றில் இறக்கினோம். 17.8 சதவீதம் காட்டியது. வெளிக்காற்றில் 20.9 இருக்க வேண்டும். எல்லா மூடிகளையும் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, 20.8 வந்த பிறகே இறங்கினோம். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே ஓர் ஆள். இந்த வேலை முழுவதிலும் நான் குறுக்குவழி தேடாத ஒரே இடம் இதுதான்.

உள்ளே எஞ்சின் இல்லை, கியர்பெட்டி இல்லை, டயல்கள் இல்லை. ராணுவம் கொடுக்கும்போதே கழற்றிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். இருந்தது தண்ணீர்தான். 20 லிட்டர் கேனில் எண்ணினோம், 41 கேன். அதற்கடியில் துருச்சேறு. தரையில் குறுக்கே ஓடும் டார்ஷன் பார்களுக்கு (ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள்) இடையில் வண்டல் மாதிரி படிந்திருந்தது. டீக்கடைக் கரண்டியால் அள்ளி மூன்று சாக்கு. சேற்றுக்குள் பேனா மூடிகள், இரண்டு டென்னிஸ் பந்து, ஓர் அடையாள அட்டை. ஓட்டுநரின் பார்வைத் துளைக்கு நேர் கீழே மட்டும் காகிதக்கூழ் ஒரு குவியல். ஒரு துண்டைப் பிரித்தால் நுண்ணெழுத்தில் வகைக்கெழுச் சூத்திரம். எத்தனை வருஷத்துப் பிட்டுகளோ, தேர்வு அறைக்குப் போகிற வழியில் பயந்துபோய்ப் போட்டவை.

ஒரு விஷயம் புரியவில்லை. மழை இறங்குவது பின்பக்கம், எஞ்சின் மேலிருக்கும் காற்றுச் சட்டங்கள் வழியாக. ஆனால் தண்ணீர் முன்பக்கம் ஓட்டுநர் காலடியில் 11 செ.மீ., எஞ்சின் பக்கம் மூன்று நான்கு செ.மீ.தான். இரண்டு மீட்டர் மட்டப்பலகையும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தேன். இரண்டு மீட்டருக்கு 25 மி.மீ. வண்டி மூக்குத் தாழ்ந்து நிற்கிறது. பீடத்தைச் சோதித்தால் அது மட்டமாகத்தான் இருக்கிறது. அப்பா சிரித்தார். எஞ்சினும் கியர்பெட்டியும் பின்னால். டன்கணக்கான பாரத்தைப் பின்னாலிருந்து எடுத்தால் அங்கே டார்ஷன் பார்கள் நிமிர்ந்து வண்டியைத் தூக்கிவிடும், முன்பக்கம் குனியும். ஒரு மீட்டருக்கு பன்னிரண்டரை மி.மீ. இந்த எண்ணை அப்போதே சுவரில் எழுதி வைத்திருந்தால் ஏப்ரலில் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடித்தட்டின் வடிகால் மூடிகள் அடுத்த வேலை. வண்டிக்கும் பீடத்துக்கும் நடுவில் நாற்பது செ.மீ. இடம்தான். மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்தில் துரு கொட்ட, ஆறு போல்ட். டீசலும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து போல்ட்டைச் சுற்றிக் கட்டினோம். காலையும் மாலையும் நனைத்து ஒன்பது நாள். அவசரப்பட்டு மூன்றாம் நாளே முறுக்கியதில் ஒரு போல்ட் கழுத்தோடு போயிற்று. அதைத் துளைபோட்டு எடுக்க அரை நாள். மற்ற ஐந்தும் ஒன்பதாம் நாள், கேஸ் கட்டரால் மெல்லச் சூடுகாட்டி, மூன்றடிக் குழாயை ஸ்பானரில் சொருகித் திருகியதும் ‘கிர்ர்’ என்று கொடுத்தன. மூடியைத் திரும்பப் போடவே இல்லை. ஓட்டையில் ஸ்டெயின்லெஸ் வலை வைத்து விளிம்பை போல்ட்டில் பிடித்துவிட்டோம், எலியும் பாம்பும் ஏறாமல் இருக்க. ஓடுகிற வண்டிக்கு மூடி வேண்டும், நிற்கிற வண்டிக்கு ஓட்டை வேண்டும்.

இனி தண்ணீர் உள்ளே வரும் வழி. பின்பக்கச் சட்டங்களுக்குத் தார்ப்பாய் போடலாம் என்றார்கள். தார்ப்பாய் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தவிர, பையன்கள் ஒரு வாரத்தில் உருவிக் கிரிக்கெட் பிட்சுக்கு விரித்துவிடுவார்கள். அதனால் கூரைக்குக் கீழே ஒரு கூரை: 1.6 மி.மீ. ஜி.ஐ. தகட்டில் 1.8 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்தில் மூன்று தட்டுகள். மூன்று பக்கம் 50 மி.மீ. மடிப்பு, தாழ்ந்த பக்கம் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய், குழாய் நேராக வடிகால் ஓட்டைக்கு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தட்டுகளின் சரிவைப் பின்பக்கமாக வைத்தேன். 1.8 மீட்டருக்கு 15 மி.மீ. பட்டறை மேஜையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது அழகாக ஓடியது.

வண்டியில் மாட்டி ஹோஸ் பைப்பைத் திறந்தால் அத்தனையும் முன்பக்கம் வழிந்து, தடுப்புச் சுவரைத் தாண்டிக் கோபுரத்தின் அடிக்குப் போகிறது. வண்டியின் முன்தாழ்வு 1.8 மீட்டருக்கு 22.5 மி.மீ. நான் கொடுத்த 15ஐ அது தின்றுவிட்டு, மேலே ஏழரை மி.மீ. எதிர்ப்பக்கம் சரித்துவிட்டது. ரசமட்டத்தைப் பிடித்து நானே அளந்த எண். சரிவைப் பெரிதாக்கிப் பின்னாலேயே வைக்க இடமில்லை. மூன்று தட்டையும் கழற்றி, குழாயை முன்பக்கத்துக்கு மாற்றி, குழாயை மட்டும் கீழே வளைத்துப் பின்னால் கொண்டுபோனோம். வண்டி எந்தப் பக்கம் குனிகிறதோ அந்தப் பக்கமே தண்ணீரை விட்டால் தகராறு இல்லை.

தட்டைத் தாங்க எஞ்சின் அறைச் சுவரில் எல்-ஆங்கிள் வேண்டியிருந்தது. பட்டறைப் பழக்கத்தில், கிரில் வேலைக்குப் போடும் 6013 வெல்டிங் ராடை எடுத்து நாலு இடத்தில் இழுத்துவிட்டேன். வெல்டிங் தையல் மாதிரி அழகாக விழுந்தது. மறுநாள் காலை ஆங்கிளில் கைவைத்தபோது ஒன்று கையோடு வந்தது. இன்னொன்றில் மயிரிழை விரிசல். அப்பாவிடம் காட்டத் தயங்கித்தான் காட்டினேன். “கவசத் தகட்டுல கிரில் ராடு போட்டியா? ராடுல இருக்கற ஈரத்துலேருந்து ஹைட்ரஜன் உள்ள போய் ராத்திரி முழுக்க வேலை பாக்கும். நாங்க ஸ்டெயின்லெஸ் ராடுதான் போடுவோம்.” தடித்த கடினத் தகடு வெல்டிங்கின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பதத்துக்குப் போய்விடும். இரண்டும் சேர்ந்தால் விரிசல், அதுவும் உடனே வராது, மறுநாள் வரும். மிச்சத்தையும் அரைத்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளிலும் சி-கிளாம்பிலும் ஆங்கிளைப் பிடித்தோம். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், வண்டியில் ஒரு தடயமும் இருக்காது. அதன்பின் கவசத்தில் நான் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. மட்கார்டு, சாமான் பெட்டிகள் எல்லாம் சாதாரணத் தகரம். அவற்றில் மட்டும் ஓட்டையான பகுதியை வெட்டி ஒட்டுப் போட்டோம்.

இது இரண்டாம் முறைதான் உறைத்தது: கவசத்துக்குத் துரு ஒரு பொருட்டே இல்லை. 80 மி.மீ. வரை தடிமன் உள்ள தகட்டில் அரை மி.மீ. போனால் என்ன? சாகிறது மெல்லிய சாமான்கள்தான். இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் துரு ஊதிப் பெருத்து, ரிவெட்டையே பிடுங்கியிருந்தது. 2023இல் நான் கோபுரத்தின் முன்முகத்தில் காட்டிய அக்கறையில் பாதியை மட்கார்டுக்கு அடியில் காட்டியிருக்க வேண்டும்.

பீரங்கிக் குழலை ராணுவமே அடிப்பக்கம் அடைத்து முடமாக்கியிருந்தது. வாய் மட்டும் திறந்திருக்க, மேல்நோக்கிய குழலில் மழையும் மைனாவும் குடியிருந்தன. லேத்தில் ஒரு நைலான் உருளையை 104.6 மி.மீ.க்குக் கடைந்து, வாயில் தட்டிச் சொருகினேன். குழலுக்குள் உள்வரிகளின் மேடுகள் கச்சிதமாகப் பிடித்தன. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். ஜூலையில் ஒரு மழைக்குப் பிறகு உள்ளே பார்க்கலாம் என்று இழுத்தால் அசையவில்லை. நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும் சாமான் என்று அப்போதுதான் தெரிந்தது. நூறு மி.மீ. விட்டத்தில் ஒரு சதவீதம் உப்பினாலே ஒரு மி.மீ. நடுவில் துளைபோட்டு மரை வெட்டி, 16 மி.மீ. போல்ட் ஏற்றி, குறுக்கே ஆங்கிளை வைத்து மூன்று பேர் திருகி எடுத்தோம். அடுத்தது எச்.டி.பி.ஈ. என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் உருளை. அது தண்ணீர் குடிக்காது. 103.5க்குக் கடைந்து, பள்ளம் வெட்டி இரண்டு ஓ-ரிங். அடிப்பக்கம் ஒரு வியர்வைத் துளை, மூன்று மி.மீ. வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்தால் பத்தடி தள்ளி நின்றால் குழலாகத்தான் தெரிகிறது.

துரு எடுக்கும் வேலைக்கு இந்த முறை நீடில் ஸ்கேலர் வாங்கினேன், 7,500 ரூபாய். காற்றில் ஓடும் கருவி. முனையில் கற்றையாக ஊசிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தும். மூலை முடுக்கு, போல்ட் தலை, வெல்டிங் வரி எங்கும் போகும், இரும்பைச் சொரசொரப்பாக விட்டுவைக்கும். சத்தம் மட்டும் தேர்வு நடக்கிற கல்லூரிக்கு ஆகாது, மாலை நாலரைக்கு மேல்தான் ஓட்ட விட்டார்கள். மணல் வீச்சு வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அந்த மணல் கோபுரம் சுழலும் வளையத்துக்குள் போனால் எந்தக் காலத்திலும் வெளியே வராது.

ஸ்கேலர் வைப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்தேன். கோபுரத்தின் நிழல் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை 220, 400, 800 எண் உப்புத்தாளால் வட்ட வட்டமாக, சரிவாகத் தேய்த்தேன். மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிற மாதிரி வந்தது. மேலே என்னுடைய புல்பச்சையும் ரெட் ஆக்சைடும். அதற்கடியில் யாரோ அடித்த வெள்ளிப் பெயிண்ட், அப்புறம் ஒரு கிளிப்பச்சை, அப்புறம் காவி ரெட் ஆக்சைடு. அதற்கும் கீழே மங்கலான, கறுப்பை ஒட்டிய ஆலிவ் பச்சை. கடைசியில் பழுப்பு பிரைமர். ஆலிவ் அடுக்கின் ஒரு சில்லைப் பெயர்த்துப் பெயிண்ட் கடையில் கொடுத்து அதற்கு ஒப்பாகக் கலக்கச் சொன்னேன். நான்காவது கலவை ஒத்துவந்தது. முன்பக்கம் இதே மாதிரி தேய்த்த ஓரிடத்தில், ஆலிவ் மேல் வெள்ளையில் ஓர் அம்பு மேல்நோக்கி. ராணுவ வண்டி எண்ணுக்கு முன்னால் வரும் அம்பு. எண் அழிந்துபோயிருந்தது. அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடிக்காமல், தெளிவான வார்னிஷ் பூசி விட்டிருக்கிறேன். வருகிறவர்கள் “இங்க அடிக்க மறந்துட்டீங்களே” என்கிறார்கள்.

ஏப்ரலில் பெயிண்ட். காலை ஏழரைக்குத் தகட்டில் கைவைத்தால் குளிர்ந்து வியர்த்திருக்கும். அத்தனை டன் இரும்பு இரவின் குளிரை எளிதில் விடாது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கோபுரத்தின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 62 டிகிரி காட்டியது; அந்தச் சூட்டில் அடித்தால் பெயிண்ட் இரும்பைத் தொடுமுன்பே பொடியாகிவிடும். எங்களுக்குக் கிடைத்தது காலை எட்டே முக்காலிலிருந்து பத்தே முக்கால் வரை, தினம் இரண்டு மணி நேரம். ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே மேட் பாலியூரேத்தேன் இரண்டு கோட். பரப்பைச் சுமார் 110 சதுர மீட்டர் என்று கணக்கிட்டு பிரைமர் 22 லிட்டர் வாங்கினேன். சக்கரத்தின் உள்பக்கத்தையும் செயின் கட்டைகளையும் யார் கணக்கில் எடுத்தது? 38 லிட்டர் ஆனது. பட்டி ஒரு கரண்டிகூட வைக்கவில்லை. அப்பா ஒருநாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கவாட்டு வெல்டிங் வரியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். போன வருஷம் நான் பட்டியில் மூடியிருந்த வரி அது. “இது நான் போட்டதில்ல. நல்லா இருக்கு” என்றார்.

செலவு, இரண்டாம் முறைக்கு மட்டும்: பிரைமர் 15,960, மேல் பெயிண்ட் 26 லிட்டர் 15,860, தின்னர் 3,200, டிஸ்க்கும் பிரஷும் 6,800, ஸ்கேலர் 7,500, தகடும் குழாயும் 9,200, எச்.டி.பி.ஈ. 2,400, வீணான நைலான் 3,100, மூடிகளுக்கு ரப்பர் 18 மீட்டர் 2,520. இரண்டு ஆளுக்கு 31 நாள் கூலி 55,800. டீ, ஆட்டோ, சில்லறை 7,000. ஆக 1,29,340. கல்லூரி 90,000 கொடுத்தது, மீதி பழைய மாணவர்கள். முதல் முறை போன 46,000 என் கணக்கு.

அடுத்த வண்டி என்று ஒன்று கைக்கு வந்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதல் நாள் அடிவயிற்று மூடி. இரண்டாம் நாள் ரசமட்டம். பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கப் பெயிண்ட் டப்பாவைத் திறக்காமல், தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெயிண்ட் அதற்கு அடுத்த பிப்ரவரியில். ஏப்ரல் வரை இழுக்கக் கூடாது, பிப்ரவரியில் அந்த இரண்டு மணி நேரம் நாலு மணி நேரமாகக் கிடைக்கும். கல்லூரி ஆண்டு விழாவுக்குள் முடியுங்கள் என்றால் வேலையை எடுக்க மாட்டேன்.

சக்கரங்களின் ரப்பரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு ஜோடி, எல்லாம் வெடித்திருக்கின்றன. இடப்பக்கம் மூன்றாவது சக்கரத்தில் ரப்பர் இரும்பிலிருந்து ஓர் அங்குலம் விலகிவிட்டது. இடைவெளியில் தண்ணீர் தங்காமல் சீலன்ட் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வண்டியின் பாரத்தை அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்புத் தாங்கிகளில் இறக்கினால் ரப்பருக்கு ஓய்வு கிடைக்கும். அதற்கு ஜாக்கி வைக்கும் இடங்களையும் பீடத்தின் பலத்தையும் பார்க்க வேண்டும், சிவில் துறையில் ஒருவர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பலகை மாறிவிட்டது. இப்போது ‘விஜயந்தா, ஆவடியில் கட்டப்பட்டது’ என்று இருக்கிறது. கீலில் சொட்டும் இடத்துக்கு 4 மி.மீ. ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கல் விடுமுறையில் மாற்ற வேண்டும். புதுத் தினத்தாள் விரித்தாயிற்று, இந்த முறை எஞ்சின் அறையிலும் ஒன்று.